அலுமாரிக்குள் நின்ற செடி

அவர் கடைக்குப் போய் வந்தால் கையில் ஒரு பைக்குள் இன்னொரு பை இருக்கும். உள்ளே இருப்பது ஒரு கட்டு வல்லாரையும் அரை டசின் முட்டையும்தான். லிஃப்டில் யாராவது, "என்ன அண்ணை, கடைக்கோ?" என்று கேட்டால், "சும்மா, இதில ஒருக்காப் போட்டு வாறன்" என்பார். முட்டை வாங்கியதை ஒரு மனிதர் ஏன் மறைக்கவேண்டும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். இவர் அந்தச் சோற்றையும் சேர்த்து மறைக்கிற ஆள்.

ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் எட்டாம் மாடியில் எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவு அவருடையது. அவரும் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. அறுபது கடந்தவர், மெலிந்த ஆள், சப்பாத்துச் சத்தம் கேட்காமல் நடப்பார். நான் அவரை அண்ணை என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அக்கா அவருக்கு நேர்மாறு. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. அவருடைய இரகசியங்கள் எல்லாம் எனக்குத் தெரியவந்தது அக்காவின் வாயால்தான்.

"தொழிற்சாலையை மூடி இவரை நிப்பாட்டினது எனக்கு நாலு மாசத்துக்குப் பிறகுதான் தெரியும்," என்று அக்கா ஒருநாள் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். "விடிய ஆறு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியோட வெளிக்கிடுவார். லைபிரரியில இருந்து பேப்பர் படிச்சுப்போட்டு, பின்னேரம் களைச்சு விழுந்து வாற மாதிரி வருவார். நான் விசரி, நிண்டு வேலை செய்த கால் எண்டு எண்ணெய் வேற பூசி உருவிவிட்டனான்."

அண்ணை பக்கத்தில்தான் இருந்தார். மறுக்கவில்லை. "உமக்கு ஏன் கவலை எண்டுதான்" என்று மட்டும் சொன்னார்.

ஒருநாள் அவராகவே வாய் திறந்து சொன்ன கதை ஒன்று உண்டு. கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறை வீட்டில் ஒன்பது பேர் இருந்தார்களாம். வாடகைப் பத்திரத்தில் மூன்று பேர்தான். கட்டடத்தைப் பராமரிக்கிறவன் கதவைத் தட்டினால் மற்ற ஆறு பேரும் பல்கனியில் போய்க் குந்திக்கொள்ள வேண்டும். ஒரு தை மாதம், ஜக்கெற் எடுக்க நேரமில்லாமல் சேட்டோடு முக்கால் மணித்தியாலம் பனிக்குள் இருந்திருக்கிறார்கள். "ஒருத்தன்கூட இருமேல்லை" என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒளிக்கத் தெரிஞ்ச ஆக்கள்தான், தங்கச்சி, இண்டைக்கு மிஞ்சி இருக்கிறம்" என்றார். அவர் பல்கனியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கியது. நானும் அந்தப் போர் நடந்த நாட்டிலிருந்து வந்தவள்தான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரைக் கேலிசெய்ய எனக்கு அருகதையும் இல்லை. பிக்கரிங்கைத் தாண்டி கண்ணாடிக் கூரை போட்ட ஒரு பெரிய தோட்டத்தில் நான் வேலைசெய்தேன். அங்கே வளர்ந்தது கஞ்சா. அரசாங்கம் உரிமம் கொடுத்த இடம், சம்பளச் சீட்டு, வரி எல்லாம் ஒழுங்காக வரும். ஆனால் என்னோடு இருந்த அம்மாவுக்கும் கோயிலில் தெரிந்தவர்களுக்கும் நான் சொல்லியிருந்தது தக்காளித் தோட்டம் என்று. மூன்று வருடம் அந்தத் தக்காளியை நான் காப்பாற்றினேன். அம்மா இடையிடையே, "ஏன் பிள்ளை, ஒரு நாலு தக்காளி தரமாட்டினமோ?" என்று கேட்பார். கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

கண்டுபிடித்தது அவர்தான். லிஃப்டில் நானும் அவரும் மட்டும். என் ஜக்கெற் பக்கம் மூக்கைத் திருப்பினார்.

"தங்கச்சி, உம்மட தக்காளி நல்லா மணக்குது."

நான் ஜக்கெற்றை இழுத்துப் பூட்டினேன். அவர் முன்னால் பார்த்தபடியே, "பயப்பிடாதையும். நான் ஆருக்குச் சொல்லப்போறன்" என்றார். அது உண்மை. அவர் வயிற்றுக்குள் போன கதை வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை.

அடுத்த வருடம் அக்கா படுத்துவிட்டார். குடலில் தொடங்கி எலும்புக்குப் போன புற்று வருத்தம். அண்ணை எல்லோருக்கும் சொன்னது அல்சர் என்று. தலைமயிர் முழுதும் கொட்டின அல்சரை யார் கண்டது? வந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் விளங்கும். விளங்காததுபோல அவர்களும், "அல்சருக்குப் பால் நல்லது, காரத்தைக் குறையுங்கோ" என்று சொல்லித் தோடம்பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள். நம் ஆட்களின் நாகரிகம் அப்படி.

ஒரு ஞாயிறு முற்பகல் அவர் வந்து என் கதவைத் தட்டினார். தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"உம்மட தக்காளி விசயமா ஒண்டு கேக்கவேணும். ஒருக்கா வாறீரோ?"

படுக்கையறைக்குக் கூட்டிப்போனார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். யன்னல் திரைக்குப் பின்னால், கண்ணாடியில் முட்டியபடி, ஒரு பழைய தயிர் வாளிக்குள் அந்தச் செடி நின்றது. அவர் அதன் பெயரைச் சொல்லவில்லை. கடைசிவரையும் சொன்னதில்லை. "உது" என்றுதான் சொல்வார்.

"உது வளருதில்லை."

நோவுக்குக் கொடுத்த குளிசைகள் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விழுங்கினால் சத்தி எடுப்பார், விழுங்காவிட்டால் நோவில் துடிப்பார். கஞ்சா எண்ணெய் சிலருக்குக் கொஞ்சம் ஆறுதல் தரும், முயன்று பாருங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதைச் சட்டப்படி விற்கிற கடை பக்கத்துப் பிளாசாவில்தான் இருந்தது. ஆனால் அது தமிழ்ப் பலசரக்குக் கடைக்கு அடுத்த கதவு. தபாலில் எடுக்கலாம் என்றால் பொதி கட்டடத்தின் கந்தோரில் வந்து கிடக்கும், அங்கே வேலைக்கு இருந்ததும் ஒரு தமிழ்ப்பிள்ளை. வீட்டில் நான்கு செடிவரை வளர்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று எங்கோ வாசித்திருக்கிறார். முன்பு கூட வேலைசெய்த ஒரு வெள்ளைக்காரரிடம் நாற்று ஒன்றை வாங்கி, பைக்குள் பையாக வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். பூக்கவைத்து, காயவைத்து, எண்ணெயில் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பது என்பது அவருடைய திட்டம்.

இரண்டு மாதச் செடி. ஒரு சாண்கூட இல்லை. இலைகள் கடும் பச்சையாகி நுனி உள்ளே வளைந்து தொங்கின. மண்ணுக்குள் விரலை விட்டேன். சேறு. முகர்ந்தால் புளித்த வாடை.

"அண்ணை, உதுக்கு என்ன ஊத்துறியள்?"

"மோர்தான். புளிச்ச மோர். கறிவேப்பிலைக்கு ஊத்தி எப்பிடி வந்து நிக்குது பாரும்!"

உண்மைதான். அவர்களின் வரவேற்பறையில் சாடிக்குள் நின்ற கறிவேப்பிலை முகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரொறன்ரோவில் பாதித் தமிழ் வீடுகளில் கறிவேப்பிலை மோர் குடித்துத்தான் குளிர்காலத்தைக் கடக்கிறது. அதற்குச் சரியென்றால் இதற்கும் சரி என்று நினைத்திருக்கிறார். நினைத்ததோடு நில்லாமல், செடி சோரச் சோரக் கூடக் கூட ஊற்றியிருக்கிறார்.

செடியை வெளியே எடுத்தேன். வாளியின் அடியில் ஓட்டையே இல்லை. பாதி வேர் மண்ணிறமாக அழுகிப் பிசுபிசுத்தது. அழுகியதை வெட்டி, புது மண்ணில், ஓட்டை உள்ள சாடியில் வைத்தேன். விரலின் முதல் மூட்டுவரை மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர், மோர் கூடாது, யன்னல் குளிர் கூடாது, விளக்கு வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். நேரம் பார்த்துத் தானாக எரிந்து தானாக அணைகிற ஊதா விளக்கு ஒன்றை அவர் வாங்கிப் பொருத்தினார். ஒரு நாளில் பதினெட்டு மணித்தியாலம் வெளிச்சம், ஆறு மணித்தியாலம் இருட்டு. அதற்குப் பிறகு யன்னல் முழுவதையும் கம்பளியால் மூடினார். கீழே கார் நிறுத்துகிற இடத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஊதா வெளிச்சம் தெரிந்துவிடுமாம்.

அவர் அக்காவைப் பராமரித்த விதத்தில் குறை சொல்ல என் நாக்கு எழும்பாது. கட்டிலின் பக்கத்தில் நிலத்தில் படுத்தார். ஒரு நாளில் நாலு தரம் விரிப்பு மாற்றினார். முதுகை உருவி உருவி அவருடைய விரல்கள் வீங்கியிருந்தன. கஞ்சியை அரைக் கரண்டி அரைக் கரண்டியாக ஒரு மணித்தியாலம் ஊட்டுவார். செடியின் சாடியை மாற்றிய பிறகு அக்காவுக்கு நம்பிக்கை வந்திருந்தது. "எப்பவாம் பூக்கும்?" என்று என்னிடம் கேட்பார். நல்லாய் வளர்ந்தால் மூன்று மாதம் என்று சொன்னேன். அக்காவுக்கு அவ்வளவு காலம் இருக்குமா என்பது எனக்குத் தெரியாது. அதைச் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து அடிமட்டத்தால் அளந்தோம். நகத்தளவுகூட ஏறவில்லை. புது வேர் வெள்ளையாக இருந்தது. மண் சரி. பூச்சி இல்லை. ஆனால் கணுக்களில் வெள்ளை நூல்போலப் பூவின் தொடக்கம் தெரிந்தது. வளராத செடி ஏன் பூக்கப் பார்க்கிறது? வேலையிடத்தில் மூத்த தோட்டக்காரி ஒருத்தியிடம் படத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதற்கு யாரோ ஒழுங்கில்லாமல் இருட்டுக் கொடுக்கிறார்கள்" என்றாள்.

அன்று பின்னேரமே போய்க் கேட்டேன்.

"அண்ணை, விளக்கை இடையில அணைக்கிறனீங்களோ?"

"அம்மாளாணை இல்லை, தங்கச்சி. அதில நான் கையே வைக்கேல்லை."

கட்டிலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"விளக்கை அணைக்கிறேல்லைத்தான். செடியை எல்லோ அணைக்கிறார்."

அப்போதுதான் விசயம் வெளியே வந்தது. கதவு மணி அடித்தவுடன் அவர் சாடியைத் தூக்கிச் சுவர் அலுமாரிக்குள், அக்காவின் சேலைகளுக்கு நடுவில் வைத்து மூடிவிடுவார். ஒரு சாம்பிராணியும் கொளுத்துவார். அந்தப் புகையில் அக்கா இருமி இருமி நோவில் சுருளுவார். வருத்தம் பார்க்க வருகிறவர்கள் நம் ஊர் வழக்கப்படி சொல்லிக்கொண்டா வருகிறார்கள்? சனி ஞாயிறென்றால் ஒரு கூட்டம் போக இன்னொரு கூட்டம். சில நாள் ஒரு மணித்தியாலம், சில நாள் மத்தியானத்திலிருந்து இரவுவரை. இரண்டு தரம் மறந்துபோய் அடுத்த நாள் மத்தியானம்தான் வெளியே எடுத்திருக்கிறார். செடிக்கு எது பகல், எது இரவு என்று தெரியவில்லை. வளர்வதா பூப்பதா என்று புரியாமல் நின்ற இடத்திலேயே நின்றது.

விளக்கையும் சேர்த்து அலுமாரிக்குள் வைக்கலாம் என்றேன். அலுமாரிக் கதவின் பலகைகளுக்கு இடையே வெளிச்சம் கசியும். "ஊதா வெளிச்சம் தெரியும். என்ன சாமான் எண்டு கேப்பினம்" என்றார்.

"அப்ப கதவில எழுதி ஒட்டுங்கோவன், ஆக்கள் வரவேண்டாம் எண்டு," என்றார் அக்கா.

"பிறகு ஒரு நன்மை தின்மைக்கு ஒருத்தரும் வராயினம்."

அக்கா மெல்லத் திரும்பினார். திரும்புவதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. "அப்ப என்ர செத்தவீட்டுக்கு ஆக்கள் வரவேணும் எண்டதுக்காகவோ நான் நோவோட கிடக்கிறன்?"

அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் காலைப் பிடித்துவிடத் தொடங்கினார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்தச் செடியை என் வீட்டில் வைத்திருக்கலாம். தாழ்வாரத்தைக் கடந்தால் என் அறை. ஆனால் அம்மாவிடம் என்ன சொல்வது? தக்காளி என்றா? அதைவிடச் சுலபம் கடை. உள்ளே போய் ஒரு சின்னப் போத்தல் வாங்கிவர ஐந்து நிமிடம் போதும். ஒருதரம், "நான் வேணுமெண்டா வாங்கித் தரட்டோ, அண்ணை?" என்று கேட்டேன். "வேண்டாம் பிள்ளை, குமர்ப்பிள்ளை நீர் அங்க நிண்டதெண்டு கதை வரும்" என்று மறுத்துவிட்டார். மறுத்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இரண்டாம் தரம் நான் கேட்கவில்லை. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பு.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. பின்னேரம் மூன்று மணி இருக்கும். அக்காவுக்குக் கொஞ்சம் சொதி கொண்டுபோனேன். அறைக்குள் பார்க்க வந்த ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பிக்கரிங்கிலிருந்து வந்த, அண்ணையின் தூரத்து உறவான ஒரு மாமி. எழுபது வயது, கால் இழுத்து நடப்பவர், கைப்பையை மடியில் வைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. அண்ணை அலுமாரிக் கதவோடு முதுகை ஒட்டி நின்றார். எல்லோரும் பிக்கரிங்கில் வீட்டு விலை ஏறியதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா விரிப்பைப் பற்களால் கடித்துக்கொண்டு கிடந்தார். நான் போய்க் கையைப் பிடித்தேன். அவர் விரிப்பை விட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கத் தெளிவாகச் சொன்னார்.

"அந்த அலுமாரியைத் திறவுங்கோ. உள்ளுக்க என்ர கஞ்சாச் செடி நிக்குது. அதுக்கு வெளிச்சம் வேணும். எனக்கு நோ தாங்கேலாமக் கிடக்கு."

ஐந்து பேரும் அண்ணையைப் பார்த்தார்கள்.

அவர் அலுமாரியை விட்டு அசையவில்லை. சிரிக்க முயன்றார். "குளிசை மயக்கம். கொஞ்ச நாளா இப்பிடித்தான் அலட்டுறா."

மாமி, "பாவம்" என்றார். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள்.

அக்காவின் கண் என் பக்கம் வந்தது. என் கையை அவர் இறுக்கிய இறுக்கில் எனக்கு வலித்தது. "நீர் சொல்லும்," என்றார். "நீர்தானே அதுக்குச் சாடி மாத்தினனீர். இவைக்குச் சொல்லும்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கண் கெஞ்சியது. நான் வாய் திறந்தால் அடுத்த கேள்வி எனக்குத்தான் வரும்: உமக்கு உது எப்படித் தெரியும், பிள்ளை?

"ஓம் அக்கா," என்றேன். "கொஞ்சம் படுங்கோ. எல்லாம் சரியாகும்."

அக்கா கையை எடுத்துக்கொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு என்னோடு ஒரு சொல் பேசவில்லை. அண்ணையோடும் பேசவில்லையாம். வாய் ஓயாத மனுசி, பன்னிரண்டு நாள் வாய் திறக்காமல் கிடந்து, ஆஸ்பத்திரியில் போய்ச் செத்தார்.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று சனம் நிறைய வந்திருந்தது. அண்ணை கறுப்புக் கோட்டோடு பெட்டியின் தலைமாட்டில் நின்று ஒவ்வொருவருக்கும், "அல்சர் முத்திப்போச்சு. ஆனா நோவில்லாமல் போனவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்வரிசையில் இருந்தேன். பிக்கரிங் மாமி காலை இழுத்து வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லும். அண்டைக்கு அவ சொன்னது உண்மையோ?"

"ஓம் மாமி. உண்மை."

மாமி தலையில் கை வைத்தார். "எனக்கு அப்பவே பட்டது. என்ர முழங்கால் நோவுக்கு மகன் அந்த எண்ணெய்தான் வாங்கித் தாறவன். வெளியில ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. அண்டைக்கும் இந்தக் கைப்பைக்குள்ள கிடந்தது. நாலு துளி நாக்குக்குக் கீழ விட்டிருந்தா அந்த மனுசி கொஞ்சநேரமாவது நித்திரை கொண்டிருக்கும். வெக்கத்தில பேசாமல் இருந்திட்டன்."

நான் எழுந்து நேராக அண்ணையிடம் போனேன். அந்தச் சனத்துக்கு முன்னால், அக்காவுக்கு முன்னால், அவருடைய முகத்துக்கு நேரே மாமி சொன்னதைச் சொல்லவேண்டும் என்றுதான் போனேன்.

என்னைக் கண்டதும் அவர் என் முழங்கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதோடு கேட்டார்.

"தங்கச்சி, அண்டைக்கு அவ சொன்னதை அவை ஒருத்தரும் நம்பேல்லைத்தானே?"

அவருக்குப் பின்னால் பெட்டிக்குள் அக்காவின் முகம் தெரிந்தது. வாய்க்குப் பூச்சுப் பூசி நன்றாக மூடியிருந்தார்கள்.

"இல்லை, அண்ணை," என்றேன். "ஒருத்தரும் நம்பேல்லை."

அவர் நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "நல்லது பிள்ளை, நல்லது" என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்தவர்களைக் கும்பிடப் போனார்.